பட்ட மரத்துக்கு மருந்து எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தோட்டக் கேள்வி-பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவன் நான். போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: வீட்டை ஒட்டி நிற்கும் மரம் பட்டுப்போய்விட்டது, அடிமரம் முழுக்க ஓட்டை, ஓட்டையிலிருந்து தூள் தூளாகக் கொட்டுகிறது, கிளையில் கட்டிய ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடும்போது தலையில் பூச்சி விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று. பதில் சொன்னவர் இரண்டு மருந்தின் பெயர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு கலக்க வேண்டும், ஓட்டைக்குள் எப்படி ஊற்றிக் களிமண்ணால் அடைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டார். படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன், இதே பதில்தான் எனக்கும் கிடைத்தது, அதன்படி நடந்து ஒரு மழைக்காலம் முழுவதையும் வீணாக்கினேன்.

அந்த வைத்தியம் தப்பில்லை. ஆனால் அது உயிரோடு இருக்கும் மரத்துக்கான வைத்தியம். மாமரத்தில் தண்டுத் துளைப்பான் புழு இறங்கிவிட்டது, இலை இன்னும் பச்சையாக இருக்கிறது என்றால், ஓட்டையைச் சுத்தம் செய்து மருந்து விட்டு அடைக்கலாம், மரத்தைக் காப்பாற்றலாம். வேரிலோ தண்டிலோ கொடுக்கும் மருந்து மேலே ஏறுவதற்கும் மரத்துக்குள் நீரோட்டம் இருக்க வேண்டும். பட்ட மரத்தில் அது நின்றுபோயிருக்கும். மேலே தெளித்தாலோ பட்டையோடு நின்றுவிடும், உள்ளே நாலு விரற்கடை ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு அது தெரியவே தெரியாது. தெளித்தவருடைய மூக்குக்கும் கீழே விளையாடுகிற குழந்தைக்கும்தான் தெரியும். சரி, ஊசி வைத்து ஒவ்வொரு ஓட்டையாக ஊற்றி எல்லாப் புழுவையும் கொன்றுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம்? பூச்சியில்லாத பட்ட மரம் ஒன்று வீட்டுக்கூரைக்கு மேலே நின்றுகொண்டிருக்கும். விழுகிற மரம் பூச்சியோடு விழுந்தால் என்ன, பூச்சி இல்லாமல் விழுந்தால் என்ன.

பூச்சி பிடித்ததால்தான் மரம் பட்டுவிட்டது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். சில நேரம் அது உண்மைதான். வட அமெரிக்காவில் 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று, ஆசியாவிலிருந்து மரப்பெட்டிகளோடு வந்திருக்கலாம் என்கிறார்கள், அங்கே ஆஷ் என்ற மர இனத்தையே கோடிக்கணக்கில் காலி செய்துவிட்டது, நன்றாக இருந்த மரங்களையும் சேர்த்து. ஆனால் பெரும்பாலான துளைப்பான்களும் பட்டை வண்டுகளும் அப்படிப்பட்டவை அல்ல. ஏற்கெனவே நொந்துபோன மரத்தைத்தான் தேடி வரும். தண்ணீர் இல்லாமல் வாடிய மரம், வேர் அறுபட்ட மரம் ஒருவித வாசனையை வெளிவிடும், அதை மோப்பம் பிடித்து வருபவை நிறைய.

என் மரத்தைக் கொன்றதும் வண்டு இல்லை. நான்தான். வீட்டை எடுத்துக் கட்டும்போது வாசலை உயர்த்துவதற்காக மரத்தின் தூரைச் சுற்றி இரண்டடிக்கு மண் நிரப்பினேன், அப்புறம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அடிமரம் வரைக்கும் சிமெண்ட் தளம் போட்டேன், குழாய் பதிக்க ஒரு பக்கம் பள்ளம் தோண்டி கை தடிமன் வேர் நாலைந்தை வெட்டியெறிந்தேன். மரத்துக்குச் சாப்பாடு கொண்டுவரும் நுனிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குள், அவற்றுக்கும் காற்று வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மரம் உடனே சாகவில்லை, அதுதான் நம்மை ஏமாற்றுவது. நாலு வருடம் பச்சையாகத்தான் நின்றது. ஐந்தாவது வருடம் உச்சியில் ஒரு கொப்பு காய்ந்தது, அடிமரத்தில் பிசின் வடிந்தது, தூள் கொட்டியது, நான் வண்டைத் திட்டினேன்.

இன்னொரு விஷயம். மரம் முழுசாகப் பட்டுப்போனதும் பட்டை வண்டு அங்கே தங்காது. அதற்குத் தேவை பட்டைக்கு அடியில் இருக்கும் ஈரமான சதை, அது காய்ந்ததும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். நாம் பார்த்துப் பயப்படுகிற அந்த ஓட்டைகளில் பல, பூச்சி வெளியேறிய வாசல். வெறும் வீட்டுக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வருபவை வேறு: காய்ந்த கட்டையைக் குடைகிற வண்டுகள், காளான், ஊறிப்போன மரத்தில் கூடு குடைகிற பெரிய கறுப்பு எறும்புகள், கடைசியில் கரையான். இந்த எறும்பு மரத்தைத் தின்பதில்லை, குடைந்து தூளை வெளியே தள்ளிவிட்டு உள்ளே குடியிருக்கும், அவ்வளவுதான். அது இருந்தால் உள்ளே மரம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம், அந்தச் செய்தியைச் சொன்னதற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அந்தப் பூச்சி எல்லாம் நம்ம வீட்டுக் கதவு ஜன்னலுக்கு வந்துடுமா?" என்று என் மனைவி கேட்டாள், உங்கள் வாசகருக்கும் அந்தப் பயம் இருக்கும். உயிர்மரத்துப் பட்டையைத் தின்கிற வண்டு, காய்ந்து இழைத்து வார்னிஷ் அடித்த கதவை ஏறெடுத்தும் பார்க்காது. பார்க்க வேண்டியது கரையானை. அது மண்ணுக்கு அடியில் வழி போட்டு வரும், பட்ட மரத்தின் தூரும் செத்த வேரும் அதற்கு நல்ல தீவனம், சுவர் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து வீட்டுக்கு அதிக தூரம் இல்லை. மரத்திலும் அஸ்திவாரத்திலும் பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கூட்டமாகக் கிளம்புகிறது, அதுவும் அந்த மரத்தடியிலிருந்தே கிளம்புகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். அதற்கு வீட்டைச் சுற்றி மண்ணில் செய்கிற சிகிச்சை தனி, அதற்கென்று பழகிய ஆட்கள் செய்வது.

சரி, மரம் உண்மையிலேயே பட்டுவிட்டதா? இதைக் கேட்காமல் ரம்பத்தைத் தூக்குகிறவர்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இலையுதிர்த்து நின்ற மரத்தைச் செத்துவிட்டது என்று வெட்டிச் சாய்த்தார்கள், வெட்டிய இடத்தில் ஈரம் கசிந்தது, இரண்டு மாதத்தில் தூரிலிருந்து கொத்தாகத் துளிர் வந்தது. நகத்தால் இளங்கிளையின் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் போதும். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கிளையில் மட்டும் பார்க்கக்கூடாது, நாலைந்து இடத்தில், கீழே மேலே எல்லாம் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டுப்போன மரங்களும் இருக்கின்றன. குச்சியை வளைத்தால் வளைகிறதா, படக்கென்று ஒடிகிறதா என்பதும் ஒரு சோதனை. இலை உதிர்ந்த மரத்தைவிட, இலை பழுப்பாகக் காய்ந்து உதிராமலே ஒட்டிக்கொண்டு நிற்கும் மரம்தான் எனக்கு அதிக சந்தேகம் தரும், உதிர்ப்பது என்பது உயிருள்ள மரம் செய்கிற வேலை.

பட்டுவிட்டது என்று தெரிந்தபின் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: விழுந்தால் எதன் மேல் விழும். மரத்தின் உயரத்தை அப்படியே தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், முறிந்து சிதறுகிற கொப்புகளுக்காக இன்னும் பாதி உயரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் வீடு, நடைபாதை, மின்கம்பி, வண்டி நிறுத்துமிடம், உட்காரும் இடம் ஏதாவது வருகிறதா? வந்தால் அந்த மரம் போக வேண்டும். வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆமாம், விட்டுவிடத்தான் சொல்கிறேன். கிளியும் ஆந்தையும் மைனாவும் பல நேரம் குடியிருப்பது பட்ட மரப் பொந்தில்தான், மரங்கொத்திக்கு அதுதான் அடுக்களை. வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் பட்ட மரத்தைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பக்கத்தில் இருந்தாலும், கிளைகளைக் கழித்துவிட்டு, விழுந்தாலும் எதையும் தொடாத உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் நிறுத்தி வைப்பதும் ஒரு வழி, தூர் உறுதியாக இருந்தால்.

தூர் உறுதியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அடிமரத்திலோ வேர் மேட்டிலோ தட்டு மாதிரி, அலமாரிப் பலகை மாதிரி காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் ரொம்ப நாளாக நடக்கிறது. மரச்சுத்தியலால் சுற்றித் தட்டினால் கெட்டியான இடம் ஒரு மாதிரியும் பொந்தான இடம் மேளம் மாதிரியும் கேட்கும். மரத்தைப் பற்றிப் படித்தவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: பொந்து விழுந்த மரத்தில் சுற்றியிருக்கும் நல்ல கட்டையின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று. அதாவது 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தில் சுற்றிலும் 10 சென்டிமீட்டராவது நல்ல கட்டை வேண்டும். இது உயிருள்ள மரத்துக்கான கணக்கு. உயிருள்ள மரம் வருடா வருடம் புதுக் கட்டை போட்டுக்கொண்டே இருக்கும், பட்ட மரத்துக்குச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, போன மாதத்தைவிட மரம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பார்ப்பதற்குக்கூட அடியில் நெடுநேரம் நிற்காதீர்கள். பட்ட கிளை காற்று வந்துதான் விழும் என்பதில்லை, மழையில் ஊறிக் கனத்த கிளை காற்றே இல்லாத மறுநாள் காலையில் விழும்.

நான் மருந்து அடித்துவிட்டுக் காத்திருந்ததாகச் சொன்னேன் இல்லையா, அந்தக் காத்திருப்பின் விலையை நான் கொடுக்கவில்லை. மரம் வெட்ட வந்த அண்ணன் கொடுத்திருப்பார், கொஞ்சம் தவறியிருந்தால். வந்ததும் மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"எத்தனை மாசமா நிக்குது?"

"ஒரு வருஷம் ஆச்சுண்ணே."

"பட்ட உடனே கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பேன். இப்ப ஏற மாட்டேன். பச்சை மரம் ஒடியறதுக்கு முன்னாடி முனகும். இது முனகாது."

எனக்கு அது அலட்சியமாகப் பட்டது, கூலி கூட்டிக் கேட்க ஒரு வழியோ என்றுகூட நினைத்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. மேலே சொன்ன அந்த ஆஷ் மரக் கதையிலும் இதேதான் நடந்தது: வண்டு கொன்ற மரம் சீக்கிரமே உலர்ந்து நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும், அனுபவப்பட்ட ஆட்கள்கூட ஏற மறுத்து, தூக்கு இயந்திரத்தில் தொட்டிக்குள் நின்று மரத்தைத் தொடாமலே துண்டு துண்டாக அறுக்கிறார்கள். மரம் பட்ட முதல் சில மாதங்களில் கட்டையில் வலு இருக்கும், கயிறு தாங்கும், கிளை ஆளைத் தாங்கும். தள்ளிப்போடப் போட ஏறுகிறவருடைய உயிருக்குத்தான் ஆபத்து கூடுகிறது. எங்கள் வீட்டிலும் கடைசியில் இயந்திரம்தான் வந்தது. அறுக்க ஆரம்பித்ததும் அதிர்வில் மேலே இருந்து ஒரு கொப்பு, யாரும் தொடாத கொப்பு, தானாகக் கழன்று கீழே விழுந்தது. அந்த அண்ணன் முன்பே எல்லோரையும் தள்ளி நிறுத்தியிருந்தார், மரத்தின் உயரம் போல இரண்டு மடங்கு தூரம்.

இதையெல்லாம் இணையத்தில் பார்த்துவிட்டு ஏணியும் மெஷின் ரம்பமுமாக நாமே இறங்கிவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பச்சை மரத்தைச் சாய்க்கும்போது வெட்டுக்கு நடுவில் விடுகிற கொஞ்சம் கட்டைதான் கீல் மாதிரி நின்று மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று பிடித்துக் கொடுக்கும், உளுத்த மரத்தில் அந்தக் கீல் நொறுங்கிவிடும், அப்புறம் மரம் இஷ்டப்பட்ட பக்கம் போகும். மின்கம்பிக்கு அருகில் என்றால் முதலில் மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும். பட்ட மரத்தைக்கூட அனுமதி வாங்காமல் வெட்டக்கூடாது என்று சட்டம் உள்ள இடங்கள் பல, அதனால் முன்கூட்டியே நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல் தேதி போட்டு ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள், சண்டைக்கு இல்லை, நாளைக்கு "எனக்குத் தெரியவே தெரியாதே" என்று யாரும் சொல்லாமல் இருக்கத்தான்.

வெட்டிய பிறகு வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். கட்டைகளை விறகுக்கு ஆகும் என்று வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கி வைத்தேன், எந்தக் கரையானுக்குப் பயந்தேனோ அதற்கு நானே பந்தி விரித்த கதை. தரையில் படாமல், சுவரிலிருந்து தள்ளி, காற்றுப் புகும்படி அடுக்க வேண்டும், பட்டையை உரித்துப் போட்டால் இன்னும் நல்லது. துளைப்பான் புழு, நாம் அறுத்துப் போட்ட கட்டைக்குள்ளும் உயிரோடு இருந்து பல மாதம் கழித்து வண்டாக வெளியே வரும், அதனால் அந்தக் கட்டையை வண்டியில் ஏற்றி இன்னொரு ஊருக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். நாடுகளுக்கிடையே சரக்கு அனுப்பும் மரப்பெட்டிகளையும் அடித்தட்டுகளையும் உள்மரம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்தோ, ஒப்புக்கொண்ட வேறு முறையில் பூச்சியைக் கொன்றோ முத்திரை குத்த வேண்டும் என்று உலக அளவில் விதி இருப்பது இதே பயத்தால்தான். தூரையும் விட்டுவைக்காதீர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தோண்டியெடுங்கள் அல்லது அரைத்துவிடச் சொல்லுங்கள். உப்பு போடு, மண்ணெண்ணெய் ஊற்று என்று எனக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். உயிரில்லாத தூரில் உப்பு போட்டால் மண்தான் கெடும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் காய்ந்த வேர் வழியாக நெருப்பு மண்ணுக்கடியில் கனன்றுகொண்டு எங்கே போய்க் கிளம்பும் என்று சொல்ல முடியாது.

உங்கள் பகுதியில் பதில் எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூச்சிக்கு என்ன மருந்து என்று கேட்டார்கள், மருந்து சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியிலேயே பதில் சொல்ல வேண்டிய வேறொரு விஷயம் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிடலாம், வெளியிடாமலும் போகலாம், இடம் போதாது என்றால் வெட்டிச் சுருக்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் கேள்வி கேட்ட அந்த வாசகரின் முகவரியோ தொலைபேசி எண்ணோ உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அடுத்த வாரப் பதிப்பு வரைக்கும் காத்திருக்காமல் யாராவது இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, முதலில் அந்த ஊஞ்சலை அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்க்க மேலே ஏற வேண்டாம். கைக்கு எட்டுகிற உயரத்தில் கயிற்றை அறுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்